அரிக்கேன் வெளிச்சத்தில் குளோரோஃபார்ம்

1924 ஜனவரி 12, சனிக்கிழமை இரவு. புனே சசூன் மருத்துவமனையின் அறுவை அறையில் மின்சாரம் போய்விட்டது. மேசையில் கிடந்தவரின் வயிறு திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் டார்ச் விளக்கைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்தது. கடைசியில் ஓர் அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் கர்னல் மேடக் குடல்வால் அறுவையை முடித்தார். நோயாளி, எரவாடா சிறையிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட கைதி. பெயர் மோகன்தாஸ் காந்தி. வயது 54.

கத்தியை எடுக்குமுன் மேடக் இன்னொருவரை வரவழைத்திருந்தார். வலங்கைமானில் பிறந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி அப்போது புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். பம்பாயிலிருந்து காந்தி விரும்பிய மருத்துவர்கள் வந்துசேர நேரமில்லை. அறுவைக்குத் தான் சம்மதிப்பதாகவும், மேடக்கிடம் முழு நம்பிக்கை வைத்திருப்பதாகவும் ஓர் அறிக்கை வேண்டியிருந்தது. சாஸ்திரி எழுதினார், காந்தி கை நடுங்க நடுங்கப் பென்சிலால் கையெழுத்திட்டார். மேனாட்டு மருத்துவத்தையும் மருத்துவமனைகளையும் 1909-லேயே ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில் கடுமையாகச் சாடியவர் அவர். சிறையில் அவர் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் நாடு கொந்தளிக்கும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அன்றிரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரசியலைச் சொல்வார்கள், விளக்கைச் சொல்வார்கள். காந்தியின் மூக்கருகே இருந்த பொருளைச் சொல்பவர் குறைவு. உண்மையில் அந்த அரிக்கேன் விளக்கை அறைக்குள் கொண்டுவர முடிந்ததே அந்தப் பொருளால்தான். அன்று உலகில் அதிகம் புழங்கிய இன்னொரு மயக்க மருந்தான ஈதர் சட்டென்று தீப்பற்றும். அதன் ஆவி காற்றோடு கலந்த அறையில் திரி எரியும் விளக்கை வைப்பது வெடிமருந்துக் கிடங்கில் வைப்பதற்குச் சமம். காந்திக்குக் கொடுத்தது குளோரோஃபார்ம். அது தீப்பற்றாது. இந்தியா போன்ற நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு: ஈதர் 35 டிகிரிக்கும் சற்றுக் கீழேயே கொதித்துவிடும், குளோரோஃபார்ம் கொதிக்க 61 டிகிரி வேண்டும். வெயில் காலத்தில் குப்பியைத் திறந்தாலே ஈதர் பறந்துபோகும் ஊர்களில் மருத்துவர்கள் குளோரோஃபார்மை விடாமல் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் தீப்பற்றாத அந்தத் திரவம் தீயின் அருகே சாதுவாக இருப்பதில்லை. சுடர் பட்டால் குளோரோஃபார்ம் ஆவி சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற வாயுவும் ஹைட்ரஜன் குளோரைடும் உண்டாகும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் நுரையீரலைத் தின்ற அதே ஃபாஸ்ஜீன்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிவாயு விளக்கின் கீழ் நீண்ட நேரம் அறுவை செய்த மருத்துவர்கள் இருமி இருமிக் கண்ணீர் விட்டதற்குக் காரணம் இதுதான். குளோரோஃபார்மைப் பழுப்புநிறக் குப்பியில் அடைப்பதும், அதில் கொஞ்சம் ஆல்கஹால் கலப்பதும் இதற்காகத்தான். வெறும் வெளிச்சமும் காற்றும் பட்டாலே அது மெல்ல மெல்ல ஃபாஸ்ஜீனாக மாறத் தொடங்கும்.

எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847 நவம்பரில் இந்த இனிப்பு மணமுள்ள திரவத்தை முகர்ந்து பார்த்து, பிரசவ வலிக்குக் கொடுக்க ஆரம்பித்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்து சில நிமிடங்களில் இறந்தாள். அவளுக்கு முந்தைய அறுவை ஒன்று ஈதரில் நல்லபடியாகவே முடிந்திருந்தது. இந்த முறை அவள் அழுதாள், பயந்தாள் என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பயம் ஒரு முக்கியமான தடயம் என்று தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்தது. குளோரோஃபார்ம் முதலில் மூச்சை நிறுத்துகிறதா, இதயத்தை நிறுத்துகிறதா? மூச்சு என்றால் மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டாம் என்பது எடின்பரோ கட்சி. இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்ல இறங்கிய ஊர் லண்டன் அல்ல, ஹைதராபாத். எடின்பரோவில் படித்துவிட்டு வந்த எட்வர்ட் லாரி, நிஜாமின் ஆதரவில் 1888-இல் ஒரு குளோரோஃபார்ம் ஆணையம் அமைத்தார். லண்டனில் ‘லான்செட்’ இதழ் அதை ஏற்கவில்லை. உங்கள் ஆளையே அனுப்புங்கள், செலவு என்னுடையது என்று ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கான் 1,000 பவுண்டு கொடுத்தார். 1889-இல் லாடர் பிரண்டன் கப்பலேறி வந்து சேர்ந்தார். நூற்றுக்கணக்கான நாய்களும் பிற விலங்குகளும் அந்தச் சோதனைகளில் மடிந்தன. முடிவு: மூச்சே முதலில் நிற்கிறது, இதயம் பிறகுதான். அந்த வேலையில் பங்கெடுத்தவர்களில் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்ணும் ஒருவர். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர்களில் அவரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இல்லாதது வருத்தம்தான்.

ஹைதராபாத்தின் முடிவு பாதி சரி. அதிகம் கொடுத்தால் மூச்சு நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஹன்னாவுக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். 1911-இல் ஏ. குட்மன் லெவி பூனைகளில் இதற்கு விடை கண்டார். குளோரோஃபார்ம் கொஞ்சமாக ஏறியிருக்கும் நிலையில் அட்ரினலின் ஊசி போட்டால், இதயத்தின் கீழறைத் தசைகள் ஒழுங்கிழந்து வெறுமனே துடிதுடிக்கும். ரத்தம் வெளியே போகாது. அட்ரினலின் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. பயந்து திமிறும் உடம்பு அதைத் தானே சுரக்கும். குளோரோஃபார்ம் இதயத் தசையை அட்ரினலினுக்குக் கூச்சமுள்ளதாக ஆக்கிவிடுகிறது. ஆகவே அளவு மீறும்போது மட்டுமல்ல, அளவு போதாத தொடக்க நிமிடங்களிலும் ஆபத்து இருந்தது. சசூனில் காந்தி பதறாமல் படுத்திருந்தது அவருக்கே உதவியிருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

மயக்க மருந்தை முகர்ந்தவர் தூங்குகிறார் என்று எல்லோரும் சொல்கிறோம். டாக்டர்களும் நோயாளியைத் தேற்ற, “கொஞ்ச நேரம் நல்லா தூங்குவீங்க” என்பார்கள். தூக்கத்துக்கும் இதற்கும் ஒற்றுமை சொற்பம். தூங்குகிறவர் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஆழ்ந்தும் மேலெழுந்தும் கனவு கண்டும் சுற்றி வருவார், கிள்ளினால் எழுந்துவிடுவார். மயக்கத்தில் அந்தச் சுற்று கிடையாது. தலையில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தால், முன்மூளையில் பெரிய மெதுவான அலைகளும் அவற்றின்மேல் விநாடிக்கு 8 முதல் 12 வரையிலான சீரான அலைகளும் தெரியும். மருந்து இன்னும் ஏறினால், சில விநாடி மின்வெடிப்பு, பிறகு சில விநாடி நேர்கோடு, மறுபடி வெடிப்பு என்று மாறும். இயல்பான தூக்கத்தில் எந்த மூளையும் அப்படி மௌனமாவதில்லை.

எப்படி இது நடக்கிறது என்ற கேள்வியை முதலில் அளவெடுத்துப் பார்த்தவர்கள் ஜெர்மனியில் ஹான்ஸ் ஹார்ஸ்ட் மேயரும் சுவிட்சர்லாந்தில் சார்ல்ஸ் எர்னஸ்ட் ஓவர்ட்டனும். 1899-க்கும் 1901-க்கும் இடையில் இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ஒரு பொருள் ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ அவ்வளவு குறைந்த அளவிலேயே அது மயக்கும். அப்படியானால் இந்த வாயுக்கள் நரம்புச் செல்லின் கொழுப்புச் சவ்வில் கரைந்து அதைக் குலைக்கின்றன என்று எழுபது எண்பது ஆண்டுகள் நம்பினார்கள். எதனோடும் லேசில் வினைபுரியாத மந்த வாயுவான செனான்கூட மனிதரை மயக்கும் என்று 1951-இல் தெரிந்தபோது அந்த நம்பிக்கை உறுதிப்பட்டது போலிருந்தது.

அதை அசைத்தது மின்மினிப் பூச்சி. அதன் ஒளிக்குக் காரணமான லூசிஃபரேஸ் ஒரு புரதம். 1984-இல் லண்டனில் நிக்கலஸ் ஃபிராங்க்ஸும் வில்லியம் லீபும் கொழுப்பு துளியும் கலக்காத சுத்தமான லூசிஃபரேஸில் மயக்க மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒளி மங்கியது, அதுவும் விலங்குகளை மயக்கும் ஏறத்தாழ அதே அளவுகளில். சவ்வே இல்லாத இடத்திலும் வேலை நடக்கிறது என்றால் குறி, கொழுப்பு அல்ல, புரதம். அதன்பின் தேடல் நரம்புச் செல்லின் வாயில் புரதங்கள் பக்கம் திரும்பியது.

இன்றைய படம் இதுதான். மூளையில் அடக்கும் செய்தியைக் கொண்டுபோவது காபா என்ற வேதிப்பொருள். அது வந்து அமரும் ஏற்பி ஒவ்வொரு தடவையும் சற்று நேரமே திறந்து மூடும். ஐசோஃப்ளூரேன், சீவோஃப்ளூரேன் போன்ற மயக்க ஆவிகள் அந்தத் திறப்பை நீட்டிக்கின்றன. அடக்கும் செய்தி ஓங்குகிறது. வேறு சில வாயில்களின் வழியே பொட்டாசியம் வெளியேறி நரம்புச் செல் இன்னும் அடங்கிப்போகிறது. சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடும் செனானும் காபாவை அவ்வளவாகத் தொடுவதில்லை. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியை அவை அடைக்கின்றன. வழிகள் பல, முடிவு ஏறக்குறைய ஒன்று. இதற்கு மனித மூளைகூட வேண்டாம். பிரான்சில் கிளாட் பெர்னார் 1870-களில் தொட்டாற்சிணுங்கியை ஈதர் ஆவியில் வைத்தார். தொட்டபோது இலைகள் மூடிக்கொள்ளவில்லை. ஆவி விலகியதும் மறுபடி சிணுங்கின. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸும் குளோரோஃபார்ம் ஆவியில் தாவரங்களின் துலங்கல் ஒடுங்குவதைத் தன் கருவிகளில் பதிவுசெய்தார்.

மனிதரிடம் வியப்பு இன்னொன்று: எல்லாம் ஒரே நேரத்தில் அணைவதில்லை. 1960-களில் கலிஃபோர்னியாவில் எட்மண்ட் ஈகர் குழுவினர் ஓர் அளவுகோலை உண்டாக்கினார்கள். தோலைக் கீறும்போது பாதிப் பேர் அசையாமலிருக்கத் தேவையான, நுரையீரல் காற்றில் இருக்கும் ஆவியின் விகிதம். நடுத்தர வயதில் ஐசோஃப்ளூரேனுக்கு அது ஏறத்தாழ 1.2 சதவீதம், சீவோஃப்ளூரேனுக்கு 2, டெஸ்ஃப்ளூரேனுக்கு 6. வயது பத்தாண்டு கூடினால் தேவை சுமார் 6 சதவீதம் குறையும். இந்த அளவில் மூன்றில் ஒரு பங்கு ஏறுவதற்குள் ஹிப்போகேம்பஸ் புதிய நினைவுகளைப் பதிவதை விட்டுவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கில் பெரும்பாலோர் பேர்சொல்லிக் கூப்பிட்டால் பதில் தருவதில்லை. முழு அளவில்தான் கத்திக்கு உடம்பு அசையாது. கத்தி படும்போது நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறாமலிருக்க அதற்கும் மேல் வேண்டும். அரைகுறை மயக்கத்தில் பேசியவர் பிறகு “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே” என்பது பொய்யல்ல.

அசையாமையை உண்டாக்குவது மூளையே இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் வியப்பானது. 1993-இல் ஜோசஃப் ஆண்டாக்னினியும் கெவின் ஷ்வார்ட்ஸும் ஆடுகளின் மூளைக்கு மட்டும் ஐசோஃப்ளூரேன் போகும்படி ரத்த ஓட்டத்தைப் பிரித்தார்கள். முழு உடம்புக்கும் கொடுத்தால் 1.2 சதவீதத்தில் அசையாத ஆடு, மூளைக்கு மட்டும் கொடுத்தபோது அசையாமலிருக்க 2.9 சதவீதம் தேவைப்பட்டது. கத்திக்கு உடம்பு துள்ளாமல் காப்பது முதுகுத்தண்டுக்குள் போன மருந்து. நினைவு ஓரிடத்தில், பிரக்ஞை ஓரிடத்தில், அசைவு ஓரிடத்தில் நிற்கிறது. மூன்றும் ஒன்றாக நின்றதாக நமக்குத் தோன்றுவதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பதால்.

உடம்பின் கணக்கு கழுத்துக்குக் கீழே இன்னும் நீளம். மூச்சு ஆழம் குறைந்து வேகம் கூடுகிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினாலும் மூளைத்தண்டு முன்போல் பதறுவதில்லை. ஆக்சிஜன் குறையும்போது மூச்சை முடுக்கும் அனிச்சை இன்னும் மென்மையானது. ஈகர் குழுவின் அளவில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அது வெகுவாக மங்கிவிடும். அறுவை முடிந்து கண் திறந்து பேசுகிறவரையும் ஆக்சிஜனோடு கண்காணிப்பு அறையில் வைத்திருப்பது அதற்காகத்தான். ரத்தக் குழாய்கள் தளர்வதால் அழுத்தம் இறங்கும். உடம்பின் மையத்திலிருந்த சூடு தோலுக்கு ஓடி, முதல் ஒரு மணி நேரத்திலேயே மைய வெப்பம் ஒன்று ஒன்றரை டிகிரி செல்சியஸ் விழும். எழுந்ததும் பல் கிட்டிக்க நடுங்குவது அந்தக் கடனை அடைக்கத்தான். தொண்டையின் காவலும் போய்விடுவதால் இரைப்பையில் இருப்பது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். ஆறு மணி நேரத்துக்கு முன்பே இட்லியை நிறுத்தச் சொல்வதும், கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம் என்பதும் இதனால்.

“வீட்டுல யாருக்காவது மயக்க மருந்து குடுத்து ஏதாவது ஆயிருக்கா?” என்று டாக்டர் கேட்பதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக்கூடாது. தசைச் செல்லுக்குள் கால்சியத்தை விடும் வாயிலில் பிறவிப் பிழை உள்ள சிலருக்கு இந்த ஆவிகள் பட்டதும் தசைகள் விறைத்து, உடம்பு வெப்பம் பாய்ந்து ஏறும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் டென்பரோ 1960-இல் இதை விவரித்தபோது, ஒரே குடும்பத்தில் பத்துப் பேர் ஈதரில் இறந்திருந்தது தெரியவந்தது. மாற்று மருந்து டாண்ட்ரோலீன். அதைவிட நல்லது, குடும்பக் கதையை மறைக்காமல் முன்கூட்டியே சொல்வது.

கல்லீரலுக்கு வருவோம். உள்ளே போன குளோரோஃபார்மில் ஒரு பகுதியைக் கல்லீரல் நொதிகள் உடைக்கின்றன. அப்போது உண்டாவது ஃபாஸ்ஜீன் என்று 1977-இல் உறுதியாயிற்று. விளக்குச் சுடர் வெளியே செய்ததைக் கல்லீரல் உள்ளே செய்கிறது. குளுட்டாதையோன் என்ற பொருள் இருப்பில் இருக்கும்வரை அது ஃபாஸ்ஜீனைப் பிடித்து அடக்கும். பட்டினியால் இருப்பு தீர்ந்திருந்தால் செல்கள் மடியும். அறுவை நன்றாக முடிந்து, ஓரிரு நாள் கழித்து மஞ்சள் காமாலையோடு இறந்த நோயாளிகளைப் பற்றி அக்கால மருத்துவர்கள் எழுதியிருப்பதன் பொருள் இதுதான். காந்திக்கு அப்படி எதுவும் நேரவில்லை. புண்ணில் சீழ் வைத்து குணமாவது தாமதப்பட்டது. பிப்ரவரி 5 அன்று அரசு அவரை நிபந்தனையின்றி விடுதலை செய்தது.

பிறகு வந்த வேதியியலாளர்களின் உழைப்பு முழுக்க உடையாத மூலக்கூறைத் தேடியதுதான். சார்ல்ஸ் சக்லிங் 1951-இல் உண்டாக்கிய ஹாலோதேன் தீப்பற்றவில்லை, 1956-இலிருந்து உலகெங்கும் பரவியது. ஆனால் அதிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உடம்பில் சிதைந்தது. அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் அழிந்தது. ஃப்ளூரின் அணுக்களை இன்னும் ஏற்றிக் கட்டிய சீவோஃப்ளூரேனில் சிதைவது சில சதவீதம், ஐசோஃப்ளூரேனில் 0.2 அளவு, டெஸ்ஃப்ளூரேனில் அதிலும் பத்தில் ஒரு பங்கு. மணம் உறுத்தாத சீவோஃப்ளூரேனைத்தான் இன்று குழந்தைகளின் முகத்தில் மாஸ்க் வைத்து முகரக் கொடுக்கிறார்கள்.

அங்கே பெற்றோருக்கு ஒரு கேள்வி இருக்கிறது, கேட்கத் தயங்குவார்கள்: பிள்ளையின் மூளைக்கு ஏதாவது ஆகுமா? எலிக்குஞ்சுகளிலும் குரங்குக்குட்டிகளிலும் நீண்ட மயக்கம் நரம்புச் செல்களைக் கொன்றதைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வி எழுந்தது நியாயமே. குடலிறக்க அறுவைக்கு வந்த கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு சீவோஃப்ளூரேனும் மீதிப் பேருக்கு முதுகில் மரத்துப்போகச் செய்யும் ஊசியும் கொடுத்து, ஐந்து வயதுவரை பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2019-இல் ‘லான்செட்’டில் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த ஒரே ஒரு மயக்கத்தால் அறிவுத்திறனில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பலமுறை, பல மணி நேரம் மயக்கம் தேவைப்படும் சிசுக்களுக்கு இந்த விடை பொருந்தாது. அங்கே அறுவையைத் தள்ளிப்போடுவதன் கேட்டையும் சேர்த்து எடைபோட வேண்டியிருக்கிறது.

உடம்பில் உடையாதது காற்றிலும் லேசில் உடையாது. நோயாளி வெளிவிடும் டெஸ்ஃப்ளூரேன் குழாய் வழியே அறுவை அறையைக் கடந்து, கூரைக்கு மேலே போய், பத்தாண்டுக்கு மேல் வளிமண்டலத்தில் தங்குகிறது. எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஸ்காட்லாந்தின் பொது மருத்துவமனைகள் 2023-இல் அதை நிறுத்தின. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரியிலிருந்து, மருத்துவ அவசியம் இருந்தாலன்றிப் பயன்படுத்தக்கூடாது என்றது. மற்ற ஆவிகளைப் பயன்படுத்தும் மருத்துவர்களும் இப்போது இயந்திரத்தில் புது வாயுவின் ஓட்டத்தை நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் கீழே இறக்கி, கரியமில வாயுவைச் சுண்ணாம்புக் குடுவையில் பிடித்துவிட்டு, அதே ஆவியையே திரும்பத் திரும்ப நோயாளிக்குச் சுற்றவிடுகிறார்கள்.